பொந்து மாறிய இருவாச்சி

மலைக்காட்டில் இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடும்பம் நடத்தின. புருஷன் பெயர் மஞ்சமூக்கன், பெண்டாட்டி பெயர் வெள்ளச்சி.

இந்தப் பறவைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்துவிடும். அலகு நுழைய ஒரு விரிசல் மட்டும் விடும். உள்ளே இறகெல்லாம் உதிர்ந்துபோகும், பறக்க முடியாது. புருஷன் கொண்டுவந்து ஊட்டினால்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. அவன் வரவில்லையென்றால் இரண்டு உயிரும் உள்ளேயே போய்ச் சேர வேண்டியதுதான்!

மஞ்சமூக்கன் நல்லவன்தான். குஞ்சு பொரித்த நாளிலிருந்து ஓடி ஓடி அத்திப்பழம் சுமந்தான். ஒருநாள் கூந்தல்பனையில் கட்டியிருந்த கள்ளுப் பானையருகே ஒரு மரநாய் அவனை மடக்கியது.

"என்ன மாப்ளே, இப்படி மூச்சு வாங்குது! ஒரு வாய் குடி, அலுப்பெல்லாம் பறந்துடும்!"

"ஐயோ, குஞ்சு பசியோட இருக்கு!"

"ஒரு வாய்தானே! குஞ்சு எங்க ஓடிடப் போகுது?"

குடித்தான். ஒரு வாய் நாலு வாயாச்சு. பிறகு விடிந்ததும் முதல் வேலையே பானைதான்.

"என்னங்க, இன்னிக்கு ரெண்டே பழமா? உங்க மேல புளிச்ச வாடை வேற வருது! எனக்குப் பயமா இருக்குங்க!" என்றாள் வெள்ளச்சி.

"சும்மா தொணதொணக்காதே புள்ள! நாளைலேர்ந்து தொடவே மாட்டேன், சத்தியம்!"

மறுநாளும் போனான். அதற்கப்புறம் மூன்று நாள் ஆளையே காணோம்!

விரிசலில் அலகை வைத்தபடி அவன் இறக்கைச் சத்தத்துக்காகக் காத்துக் கிடந்தாள் வெள்ளச்சி. குஞ்சு பசியில் கத்தியது. மண்சுவரைக் கொத்திப் பார்த்தாள். அது காய்ந்து இறுகிக் கிடந்தது. குஞ்சின் குரல் கம்மிக்கொண்டே வந்தது.

அவன் எங்கே போனான்? கேளுங்கள் இந்தக் கூத்தை! தினமும் பழம் கொண்டுவரத்தான் செய்தான். போதையில் மரம் மாறிப் போனான். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பொந்தில் படுத்திருந்த அதே மரநாய்க்கு, "சாப்பிடு கண்ணு!" என்று கொஞ்சிக் கொஞ்சி ஊட்டினான், பாவி! அதுவும் கமுக்கமாகத் தின்றது.

நாலாம் நாள் பெருமழை. பானை கவிழ்ந்து கிடந்தது. குடிக்காமல் பழத்தோடு, மூன்று நாள் போன பழக்கத்தில் அதே பொந்துக்குப் போனவன் எட்டிப் பார்த்தான். உள்ளே மீசை தெரிந்தது!

"அடப்பாவி, நீயா?"

"நான்தான் மாப்ளே! வாய்க்கு வர்றதை வேணாம்னா சொல்வாங்க?"

பதறியடித்துப் பறந்தான்.

"வெள்ளச்சி! இந்தா பழம்! குஞ்சுக்குக் கொடு!"

அலகு மெதுவாக வெளியே வந்து பழத்தை வாங்கிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் அதே பழத்தோடு திரும்பி வந்தது.

"வாயைத் திறக்க மாட்டேங்குதுங்க. உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு!"

"ஐயோ! நான் தினமும் கொண்டு வந்தேனே! என் அலகால ஊட்டினேனே!"

"யாருக்கு?" என்று கேட்டாள் வெள்ளச்சி.

போதையில் கிடப்பவன் தன் வீட்டைத் தானே காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருப்பான்; அந்த நேரத்தில்தான் அவனை நம்பியிருக்கும் உயிர்கள் அவன் வீட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருக்கும்.