சத்தியவாக்கு கம்பெனியும் காலியாகாத லாரியும்

மொட்டைப்பாறை என்ற ஊரைத் தேசப்படத்தில் தேட வேண்டாம். படம் வரைகிற ஒருவர் முன்பு அந்த ஊர் எல்லைக்கு வந்து வழி கேட்டார். "நேராகப் போங்கள்" என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். எங்கே நிற்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, கேட்காததை அவர்களும் சொல்லவில்லை. அவர் இன்னும் போய்க்கொண்டிருப்பதாகக் கேள்வி.

அந்த ஊரில் சத்தியவாக்கு கடலை மிட்டாய் கம்பெனி இருக்கிறது. முதலாளிகள் மூன்று பேர். மூத்தவர் கொம்பையா. அவர் மனைவியின் தம்பி தளவாய். மூன்றாமவர் பக்கத்து வீட்டு இசக்கியப்பன். மூவரும் நல்ல மனிதர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். "சாப்பிடுவதற்கு முன்னால் கொஞ்சம் நடங்கள்" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, கொம்பையா ஒவ்வொரு இட்லிக்கு முன்னாலும் தெருக்கோடி வரை போய்வருகிறார். காலைப் பலகாரம் முடிய மத்தியானம் ஆகிவிடும்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஆலோசனைக் கூட்டத்தில், வெல்லப்பாகு கிண்டுகிற துடுப்பைக் கையில் வைத்திருப்பவர்தான் பேசலாம். சண்டை வராமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு சங்கடம், கம்பெனியில் இருப்பது ஒரே ஒரு துடுப்பு. அது ஆலோசனைக்குப் போய்விட்டால் பாகைக் கிண்ட ஆள் இருக்கும், துடுப்பு இருக்காது. முதலாளிகள் யோசிக்க ஆரம்பித்தால் பாகு தீயும். ரொம்ப யோசித்தால் ஊரே புகையும். புகையின் கனத்தைப் பார்த்தே, உள்ளே பேசுவது சின்ன விஷயமா பெரிய விஷயமா என்று ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கொம்பையாவுக்கு மனதில் ஓர் ஆசை. சென்னையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அரிராமன் தீபாவளிக்கு வந்தபோது, "மாமா, உங்க மிட்டாய் சென்னைல ஒரு கடையிலயும் இல்லையே. நெசமாவே கம்பெனி நடக்குதா?" என்று கேட்டுவிட்டார். அன்று இட்லிக்காக நடக்கப் போன கொம்பையா வெகு நேரம் திரும்பவில்லை. மாப்பிள்ளை சென்னைக் கடையில் தன் மிட்டாயைக் காசு கொடுத்து வாங்கித் தின்பதைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தார். ஊர்ப் பிள்ளைகளும் மிட்டாயை விட்டுவிட்டு சிப்ஸ் பாக்கெட்டுக்குப் போய்விட்டதால், சென்னை கைகொடுக்காவிட்டால் தை மாதம் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான் என்ற நிலைமை வேறு.

அந்த நேரத்தில்தான், சென்னையில் தெருவுக்குத் தெரு கடை வைத்திருக்கும் ஒரு பெரிய நிறுவனம் மிட்டாய் வாங்கச் சம்மதித்தது. ஆனால், மண்ணையும் தண்ணீரையும் காற்றையும் கெடுக்காத கம்பெனியிடம்தான் வாங்குவார்களாம். அதைப் பார்த்து வர எஸ்தர் என்ற அதிகாரியை அனுப்பினார்கள்.

எஸ்தர் மேடம் அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு புகை ஆகாதுங்க. இனிமே புகை உங்க காம்பவுண்டைத் தாண்டவே கூடாது" என்றார். கிணற்றடியில், "மண்ணிலேருந்து எடுக்கிறதை மண்ணுக்கே திருப்பிக் கொடுங்க. அப்பத்தான் நாளைக்கும் மண்ணு இருக்கும்" என்றார். வண்டியில் ஏறுமுன், அங்கே நின்ற லாரியைத் தட்டி, "இது ஒரு நடைகூடக் காலியா ஓடக் கூடாது. போகும்போதும் சரக்கு இருக்கணும், வரும்போதும் சரக்கு இருக்கணும். சும்மா டீசலைக் கொளுத்தக் கூடாது. அடுத்த மாசம் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிப் புறப்பட்டார்.

மூன்று முதலாளிகளும் துடுப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுப்பில் பாகு தீய ஆரம்பித்தது.

"புகைக்கு நம்ம காம்பவுண்டு எதுன்னு தெரியுமா?" என்று தொடங்கினார் கொம்பையா.

தளவாய் துடுப்பை வாங்கினார். "தெரியாது அத்தான். நான் நேத்தே சுவரைத் தொட்டுக் காட்டினேன். தாண்டிப் போயிட்டு."

"சுவரை உசத்துவோமா?"

"உசத்தினா அதுவும் உசரும். புகை நம்மைவிட உசரம்."

இசக்கியப்பன் துடுப்புக்காகக் காத்திருந்து, வாங்கி, மடியில் வைத்து, தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, புகை காம்பவுண்டைத் தாண்டக் கூடாதுன்னுதானே அந்தம்மா சொன்னாக? காம்பவுண்டு ஒரே இடத்துல நிக்கணும்னு சொன்னாகளா?"

அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாளே சுவரை இடித்தார்கள். மூங்கில் தட்டி கட்டி, வேலையாட்கள் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு, புகை போகும் திசையெல்லாம் காம்பவுண்டும் போவதென்று ஏற்பாடாயிற்று. வாட்ச்மேன் பரமன் கேட்டை மட்டும் தனியாகத் தோளில் சுமந்து முன்னால் ஓடினார்.

முதல் நாள் தென்காற்று. புகை பஸ் ஸ்டாண்டுக்குப் போயிற்று. காம்பவுண்டும் போயிற்று. அங்கே நின்ற பஸ் உள்ளே மாட்டிக்கொண்டது.

"கம்பெனிக்குள்ள யாரைப் பார்க்க வந்தீரு?" என்று டிரைவரை விசாரித்தார் பரமன்.

"நான் எங்கேய்யா வந்தேன்? டீ குடிக்க நிறுத்தியிருக்கேன்."

"வேலை நேரத்துல வெளி ஆளு வண்டி உள்ளே நிக்கக் கூடாது. முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எடும்."

அதற்குள் காற்று மாறி, காம்பவுண்டு பஸ்ஸை விட்டுவிட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்விட்டது. பஞ்சாயத்துத் தலைவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். தான் கடலை மிட்டாய் கம்பெனிக்குள் இருப்பதைக் கண்டார். அன்று மாலை வரை அவருக்கும் கடலை உடைக்கிற வேலை கொடுத்தார்கள். உள்ளே இருந்துகொண்டு ஒருவர் சும்மா இருந்தால் மற்ற ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்றார் தளவாய். தலைவரும் அது நியாயம் என்று உடைத்தார். அவரும் மொட்டைப்பாறைக்காரர்தானே.

ஆக, புகை காம்பவுண்டைத் தாண்டவில்லை.

அடுத்தது மண். மறுபடியும் துடுப்பு வந்தது, பாகு தீய்ந்தது, காம்பவுண்டு ஓடியது.

"மண்ணிலேருந்து நாம என்ன எடுக்கோம்?" என்று கேட்டார் கொம்பையா.

"கடலை" என்றார் இசக்கியப்பன்.

"வெல்லம்" என்றார் தளவாய். "கரும்பும் மண்ணுலதானே நிக்குது அத்தான்."

"அப்பம் ரெண்டையும் திருப்பிக் கொடுக்கணும். தனித்தனியாக் கொடுக்கவா, மிட்டாயாக் கொடுக்கவா?"

"மிட்டாயாவே கொடுப்போம். வாங்கினதைவிடக் கொஞ்சம் நல்லதாத் திருப்பிக் கொடுக்கிறதுதான் மரியாதை" என்றார் இசக்கியப்பன்.

கொல்லையில் குழி வெட்டி, சுடச்சுட மிட்டாயைப் புதைத்தார்கள். ஈரம் படக் கூடாதென்று காகிதமும் சுற்றினார்கள். கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரை மறுபடி கிணற்றிலேயே ஊற்றினார்கள். ஊற்றுகிற தண்ணீர் நின்றுவிடக் கூடாதே என்று மோட்டாரை நிறுத்தவேயில்லை. நாள் முழுக்க ஒரே தண்ணீர் மேலே வந்து கீழே போனது. "நம்ம தண்ணிக்கு இப்பத்தான் வேலைன்னா என்னன்னு தெரியுது" என்று இசக்கியப்பன் பெருமைப்பட்டார்.

சுற்று வட்டாரத்து எறும்பெல்லாம் மொட்டைப்பாறைக்குக் குடிவந்தது. விற்க ஒரு துண்டு மிட்டாய்கூட மிச்சமில்லை. சென்னைக்கு அனுப்ப வேண்டுமே என்ற கவலை கொம்பையாவுக்கு வந்தது. தோண்டி எடுத்தார்கள். எடுத்த பிறகுதான், இதுவும் மண்ணிலிருந்து எடுத்ததாயிற்றே என்பது தளவாய்க்குப் பட்டது. திரும்பப் புதைத்தார்கள். காலையில் தோண்டுவதும் சாயங்காலம் புதைப்பதுமாகச் சில நாட்கள் போயின.

கடைசியில் கொம்பையாவே ஒரு வழி சொன்னார். "செய்யறதுல ஒரு தட்டு மண்ணுக்கு. ஒரு தட்டு மாப்பிள்ளைக்கு." அவர் வாய் சென்னைக்கு என்று சொல்லப் பார்த்து மாப்பிள்ளைக்கு என்று சொல்லிவிட்டது. யாரும் திருத்தவில்லை.

சொன்னபடி அடுத்த மாதம் எஸ்தர் மேடம் வந்தார். கம்பெனி இருந்த இடத்தில் ஓர் அடுப்பும், வெட்டவெளியும், நிறைய எறும்புகளும் இருந்தன. அன்றைக்குக் காற்று கொஞ்சம் பலம். கேட் கொஞ்சம் கனம். பரமன் மட்டும் பின்தங்கி, கேட்டைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"காம்பவுண்டு எங்கே?"

"கிழக்கே போயிருக்கு மேடம். காத்து திரும்பினா வந்துரும். நீங்க கேட் வழியா உள்ளே வாங்க."

மேடம் கேட்டைச் சுற்றி வந்தார். பரமன் மறுபடி வெளியே அனுப்பி, கேட் வழியாக வரச் செய்தார்.

முதலாளிகள் மூவரும் கைகட்டி நின்றார்கள். கொம்பையாவின் முகம் பரீட்சை எழுதிய பிள்ளையின் முகம்போல இருந்தது. நடந்ததையெல்லாம் கேட்டு முடித்தபோது, மேடம் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"நான் சொன்னது இப்படி இல்லைங்க" என்றார் மெதுவாக.

"எந்த வார்த்தையை விட்டுட்டோம் மேடம்? சொல்லுங்க, இன்னைக்கே செஞ்சுருதோம்" என்றார் கொம்பையா.

மேடம் யோசித்துப் பார்த்தார். எந்த வார்த்தையையும் அவர்கள் விடவில்லை. அவர் சென்னையிலிருந்த தன் சேர்மனுக்குப் போன் போட்டார்.

"சார், இங்க ஒரு கம்பெனி. மண்ணிலேருந்து எடுக்கிறதுல பாதியை மண்ணுக்கே கொடுக்கிறாங்க. ஆனா எப்படின்னா..."

"பாதியா?" என்றது போன். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. "மேடையிலே நான் நூத்துக்கு ரெண்டு திருப்பிக் கொடுப்போம்னு சொன்னதுக்கே எழுந்து நின்னு கை தட்டினாங்க எஸ்தர். பாதியா?"

"சார், அவங்க மிட்டாயைப் புதைக்கிறாங்க."

"விவரமெல்லாம் அப்புறம். பாதின்னு சொன்னீங்கல்ல, அது போதும். ஆர்டரைக் கொடுங்க. போட்டோ ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

எறும்புகள் தெரியாதபடி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு மேடம் கிளம்பினார். போகும்போது, "லாரி விஷயமாவது ஞாபகம் இருக்கட்டும்" என்றார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

லாரி நிறைய மிட்டாய்ப் பெட்டி ஏற்றி, மூவரும் துடுப்போடு முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து சென்னை போய்ச் சேர்ந்தார்கள். கொம்பையா புதுச் சட்டை போட்டிருந்தார். கடை வாசலில் மாப்பிள்ளை அரிராமன் கையில் பணத்தோடு காத்திருந்தார். கடை ஆட்கள் லாரியின் பின்கதவைத் திறந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் தளவாய். "இதை இறக்கிட்டா, போகும்போது லாரியில என்ன இருக்கும்?"

மூவரும் எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இருக்காது என்று தெரிந்தது.

அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஆலோசனை நடந்தது. இசக்கியப்பன் கடை மேனேஜரிடம் போய், "மொட்டைப்பாறைக்கு அனுப்ப ஒரு லாரிச் சரக்கு இருக்கா?" என்று கேட்டார். மேனேஜர், அப்படி ஓர் ஊர் இருப்பதே இன்றுதான் தெரியும் என்றார்.

"அப்பம் நம்மகிட்ட இருக்கிறது ஒரே சரக்குதான்வே" என்று திரும்பி வந்து சொன்னார். "வந்ததே போகட்டும்."

"மாமா, ஒரு பாக்கெட்டாவது" என்றார் அரிராமன்.

கொம்பையா பெட்டியைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. "ஒரு பாக்கெட் எடுத்தாலும் அந்த அளவுக்கு லாரி காலிதானே மாப்ளே? சொன்ன சொல்லு இருக்குல்லா. வேணும்னா வந்து மோந்து பாருங்க." மாப்பிள்ளை வந்து மோந்து பார்த்தார். நல்ல வாசனை என்று ஒப்புக்கொண்டார். கம்பெனி நடப்பது நிஜம்தான் என்றும் ஒப்புக்கொண்டார்.

லாரி நிறைந்தபடியே ஊர் திரும்பியது. ஊரிலும் இறக்க முடியவில்லை. இறக்கினால் சென்னைக்குக் காலியாகப் போக வேண்டிவரும். ஆகவே உடனே திரும்பியது. அன்றுமுதல் அந்த லாரி போகும்போதும் நிறைந்திருந்தது, வரும்போதும் நிறைந்திருந்தது. மூவரும் துடுப்போடு அதிலேயே போய்வந்ததால், ஊரில் பாகு ஓயாமல் தீய்ந்தது. காம்பவுண்டைக் கடைசியாகப் பக்கத்துத் தாலுகாவில் பார்த்ததாகச் சொன்னார்கள்.

வருஷக் கடைசியில் சேர்மன் கணக்குப் பார்த்தார். அவருக்குச் சரக்கு அனுப்புகிற லாரிகளில், ஒரு நடைகூடக் காலியாக ஓடாத லாரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்கு ஒரு பரிசு அறிவித்தார். ஆள் உயரக் கேடயம். எஸ்தர் மேடம் அதைக் கடை வாசலில் வைத்துக்கொண்டு நின்றார்.

கேடயத்தை லாரியில் ஏற்ற இடமில்லை. ஒரு மிட்டாய்ப் பெட்டியை இறக்கினால்தான் ஏறும். மூவரும் துடுப்பைக் கைமாற்றிக் கைமாற்றி யோசித்தார்கள். பெட்டி இறங்குகிறது, அதே இடத்தில் கேடயம் ஏறுகிறது, லாரி காலியில்லை. சரியாகத்தான் இருந்தது.

ஒரு பெட்டி இறங்கியது. கேடயம் பார்க்க வந்திருந்த அரிராமன் காசு கொடுத்து ஒரு பாக்கெட் வாங்கி, அங்கேயே பிரித்து, ஒரு துண்டைக் கடித்தார். கடக்கென்று சத்தம் கேட்டது. கொம்பையா கண்ணை மூடி அந்தச் சத்தத்தை முழுசாகக் கேட்டார்.

பிறகு கண்ணைத் திறந்து, லாரியில் மிச்சமிருந்த பெட்டிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எஸ்தர் மேடம் பக்கம் திரும்பி, துடுப்பை மரியாதையாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டார்.

"ரொம்ப சந்தோஷம் மேடம். மத்தப் பெட்டிகளையும் இறக்கணும்னா, இதே அளவுல ஒரு லாரி நிறையக் கேடயம் எப்பம் கிடைக்கும்?"