கப்பலில் மட்டும் சொரசொரப்பு

“பெயின்ட் மணல் மாதிரி உக்காருது டீச்சர். தின்னர் மாத்தியாச்சு, ஊசி மாத்தியாச்சு, கம்ப்ரசரையே மாத்தியாச்சு. போக மாட்டேங்குது.”

கஸ்பாருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் டீச்சர் என்று கூப்பிட்ட ருகையாவுக்கு அதில் பாதிகூட இல்லை. ஆனால் மாதிரிக் கப்பல்களுக்கு, காற்றில் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷால் வண்ணம் அடிக்கத் தூத்துக்குடியில் அவளை விட்டால் ஆள் கிடையாது. கற்றுக்கொள்ள வந்தவருக்கு வயது எதற்கு?

“யாருக்கு இந்தக் கப்பல்?”

“மதினிக்கு. அண்ணன் இதுலதான் வேலைக்குப் போனாரு. கப்பலும் திரும்பலை, அவரும் திரும்பலை. அது எப்படி இருந்துச்சுன்னாவது பாத்திரணும்னு மதினி சொல்லிக்கிட்டே இருக்காங்க. நாளைக்கு அண்ணனோட நினைவு நாள்.”

ருகையா ஒரு பழைய டப்பா மூடியை நீட்டினாள்.

“இதுல அடிங்க.”

அடித்தார். சிவப்பு வழவழவென்று படிந்தது.

“இப்பக் கப்பல்ல அடிங்க.”

அதே பெயின்ட்தான், அதே காற்றுதான். இடது பக்கம் முழுக்க ரவை தூவியது போல் ஆகிவிட்டது. கஸ்பாருக்கு அழுகையே வந்தது.

“பாத்தீங்களா? பெயின்ட்லதான் ஏதோ கோளாறு.”

“மூடிக்கு நல்ல பெயின்ட், கப்பலுக்குக் கெட்ட பெயின்ட்டா, அண்ணாச்சி?”

கஸ்பார் மூடியையும் கப்பலையும் மாறி மாறிப் பார்த்தார்.

ருகையா தன் ஏர்பிரஷ்ஷை எடுத்தாள். அதில் கறுப்பு இருந்தது. அவர் பார்த்துப் பார்த்துத் தேய்த்து வைத்திருந்த வலது பக்கத்தில் சர்ரென்று ஒரு கோடு இழுத்தாள்.

“ஐயோ! என்ன காரியம் பண்ணிட்டீங்க!”

“கெட்டுப்போச்சுல்லா? இனி அடிங்க.”

மதினி முகத்தில் எப்படி விழிப்பது? வந்த ஆத்திரத்தில் கஸ்பார் குனிந்து அடித்தார். கோடு மறைந்தால் போதும், வேறெதுவும் அவர் நினைவில் இல்லை. சிவப்பு ஏற ஏறக் கறுப்பு மங்கி, ஒருவழியாகக் காணாமல் போனது.

அப்புறம்தான் பார்த்தார். வலது பக்கத்தில் ஒரு குருணை இல்லை.

“எப்படி டீச்சர்?”

“கையை எடுக்காதீங்க. அது எங்க இருக்குன்னு பாருங்க.”

ஏர்பிரஷ்ஷின் முனை கப்பலிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருந்தது. இத்தனை நாளும், அண்ணன் கப்பலுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து ஒரு முழம் தள்ளி நின்றே அடித்திருக்கிறார். பெயின்ட் பாதி வழியிலேயே காய்ந்து, தூளாகப் போய் விழுந்திருக்கிறது. டப்பா மூடியிடம் அந்தப் பயம் இல்லை.

இடது பக்கம் உலர்ந்ததும் அதைத் தேய்த்து வழித்தார். ருகையா கறுப்பை நீட்டினாள்.

“இந்தப் பக்கம் கோட்டை நீங்களே இழுத்துக்கிடுங்க.”

“வேண்டாம் டீச்சர்,” என்றார் கஸ்பார்.

நாற்காலியைக் கப்பலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.