பெங்குவின்கள் அழைத்த காவல்காரர்

தென்துருவத்துப் பனிக்கரையில் தத்தன் என்றொரு பெங்குவின் இருந்தான். கடலைக் கண்டாலே அவனுக்கு உதறல் எடுக்கும். கரையோரத் தண்ணீரில் புள்ளிக் கடல்நாய் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும். போன வருஷம் அவன் தம்பியை விழுங்கியது அதுதான்.

மீன் பிடிக்கப் போகும்போது கரையில் நடக்கும் உபசாரத்தைப் பார்க்க வேண்டுமே! "நீங்க முதல்ல குதிங்க மாமா." "அதெப்படி மாப்பிள்ளை, நீங்க இருக்கும்போது நானா?" இப்படியே பொழுது போகும், வயிறு காயும்.

அந்தக் கரைக்கு வருஷாவருஷம் வடதுருவத்திலிருந்து ஓர் ஆலாப் பறவை வரும். உலகின் இரண்டு நுனியையும் பார்த்த பறவை, வாய் ஓயாது. வடக்கே வெண்மலை என்ற பனிக்கரடி இருப்பதாகவும், கடல்நாய் என்றால் அவருக்கு அல்வா என்றும் ஒருநாள் அது அளந்துவிட்டது.

தத்தனுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் தண்ணீரில் பதுங்குபவரா, தரையில் நடப்பவரா என்று மட்டும் கேட்டான். தரையில் நடப்பவர் என்றது ஆலா. அப்புறம் என்ன பயம்? பெங்குவின்கள் அறிந்தவரை ஆபத்து தண்ணீருக்குள்தான் இருக்கும். தரையில் நடந்து வந்து அவர்களை யாரும் தின்றதில்லை.

"அவரைக் காவலுக்கு வரச் சொல்லுங்க அக்கா. அடுத்த வருஷம் என் பிள்ளை தண்ணியில இறங்கறதுக்குள்ள வந்துடணும்" என்றான்.

ஆலா வடக்கே பறந்தது. கரையில் எல்லோரும் காவல்காரர் உட்காரக் கூழாங்கல்லில் மேடை கட்ட ஆரம்பித்தார்கள். கூடு கட்டுவதே கல்லில்தான் என்பதால் பெங்குவின்களுக்குக் கல் என்றால் உயிர். ஒருவர் வைத்த கல்லை அடுத்தவர் நைசாகத் தூக்கிப் போய்த் தன் கூட்டில் வைத்துக்கொண்டார். மேடை வளரவே இல்லை, கூடுகள்தான் வளர்ந்தன. வரவேற்பு ஊர்வலத்துக்கு ஒத்திகை பார்த்தபோது முன்னால் போனவர் வழுக்கினார். வரிசை மொத்தமும் வயிற்றால் சறுக்கிக்கொண்டே போய் ஒரு பனிமேட்டில் குவிந்தது.

அடுத்த கோடை வந்தது. தத்தனின் மகன் சுட்டிக்குப் பஞ்சுமயிர் உதிர்ந்துவிட்டது. எப்போது கடலில் இறங்கலாம் என்று அப்பனை நச்சரித்துக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் ஆலா வந்தது, தனியாக.

வெண்மலை ஆசையாகத்தான் கிளம்பினாராம். பெரிய பனிப்பாளத்தில் ஏறி மிதந்து வந்தாராம். நடுவில் இருக்கிறதே வெயில் கடல், அதை நெருங்கும் முன்பே பாளம் கரைந்துபோக, மூச்சு வாங்க நீந்தித் திரும்பிவிட்டாராம்.

தத்தனுக்கு அழுகையே வந்துவிட்டது. "எங்க மேல எவ்வளவு பாசம் பாருங்க! வேற என்ன சொன்னார்?"

"சம்பளம் வேண்டாம்னுட்டார். கடல்நாய் தீர்ந்துபோனா சாப்பாட்டுக்கு என்னன்னு மட்டும் கேட்டார். அங்க ஆயிரக்கணக்குல பெங்குவின் இருக்குன்னு பொதுவாத்தான் சொன்னேன். கொழுப்பா இருப்பாங்களா, பறக்க மாட்டாங்களா, ஓடவும் மாட்டாங்களான்னு திரும்பத் திரும்பக் கேட்டார். வாயில எச்சில் ஒழுகிக்கிட்டே இருந்துச்சு."

தத்தன் குனிந்து தன் தொந்தியைப் பார்த்தான். பிறகு மகனின் தொந்தியைப் பார்த்தான். அழுகை நின்றுவிட்டது. வடக்குத் திசை நோக்கி அந்த வெயில் கடலுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

"காவலும் வேண்டாம், உபசாரமும் வேண்டாம். எல்லாரும் சேர்ந்து குதிப்போம்" என்றான். மாமன், மாப்பிள்ளை, சுட்டி எல்லோரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள். இத்தனை பேர் தடதடவென்று விழுந்ததில் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் கடல்நாய் திறந்த வாயோடு திருதிருவென்று முழித்தது. சுட்டி தன் முதல் மீனோடு கரையேறினான்.

பனிக்கரடி இன்றும் வடக்கேதான் இருக்கிறது, பெங்குவின் தெற்கே. நடுவில் வெயில் கடல் காவல் இருக்கிறது.

நம் பகைவனைத் தின்பவனைக் காவலுக்கு அழைக்கும் முன், பகைவன் தீர்ந்த பிறகு அவன் யாரைத் தின்பான் என்று யோசிக்க வேண்டும்.