சென்னியப்பனின் ஓநாய்

“எனக்குள்ள ஒரு ஓநாய் இருக்குதுங்கம்மா. அதைக் கொல்லோணும். வழி சொல்லுங்க.”

வந்து இறங்கியதும் சென்னியப்பன் கேட்டது இது.

மாராத்தாள் ஆடுகளுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

“ஓநாயைப் பாத்திருக்கறயா?”

“இல்லீங்க.”

“அப்புறம் உள்ள இருக்கறது ஓநாய்னு எப்படித் தெரியும்?”

சென்னியப்பன் தலையைச் சொறிந்தான்.

கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகளுக்கு நடுவில், ஒரு பாறையை ஒட்டின குடிசையில் இருந்தாள் மாராத்தாள். வயதில் சென்னியப்பனுக்கு இளையவள்தான். ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் அவள் அம்மா. மனசு சரியில்லாதவர்கள் தேடி வருவார்கள். கொஞ்ச நாள் தங்கி ஆடு மேய்ப்பார்கள். அப்புறம் போய்விடுவார்கள்.

ஞானம் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறவர்கள் என்று அவளுக்குத் தெரியும். மீதிப் பேர் சண்டை போட ஆள் இல்லாதவர்கள்.

“கதையில கேட்டிருக்கறேனுங்க,” என்றான் சென்னியப்பன். “சின்னதுல சோறு உண்ணலீன்னா ஓநாய் வந்துரும்பாங்க. துரோகம் பண்றவனை ஓநாய்ம்பாங்க. நெஞ்சுல ஒண்ணு வச்சுட்டு வாயில ஒண்ணு பேசறவனையும் ஓநாய்ம்பாங்க. எங்கூர்ல ஓட்டுக் கேட்டு வர்றவிங்களைக்கூட அப்படித்தான் சொல்லுவாங்க.”

“பாவம், அதுக்குத்தான் எத்தனை வேலை,” என்றாள் மாராத்தாள். “வேட்டைக்குப் போறதுக்கே நேரம் இருக்காதாட்ட இருக்குது.”

சென்னியப்பன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவன் இல்லை.

“உன்னை ஓநாய்னு சொன்னது ஆரு?”

“எங்கண்ணன்.”

அப்புறம் அவன் முழுதும் சொன்னான்.

அண்ணன் நாச்சிமுத்துவுக்கும் அவனுக்கும் ஒரே கிணறு. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். போன கோடையில் அண்ணன் தன் முறை முடிந்த பிறகும் ஒரு பொழுது கூடுதலாகப் பாய்ச்சிவிட்டான். சென்னியப்பன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் மனசில் வைத்துக்கொண்டான்.

இந்தக் கோடையில் அண்ணன் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தான். சென்னியப்பன் மோட்டார் ரூமைப் பூட்டினான். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான். அண்ணனின் மிளகாய்ச் செடி, காய் பிடிக்கிற நேரத்தில் கருகிப்போனது.

அண்ணன் தன்னைக் கட்டிலோடு தூக்கி வரச் சொன்னான். கிணற்று மேட்டில் ஊரே நின்றது. அண்ணன் யாரையும் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

“ஒரே தட்டத்துல சோறு போட்டு ஓநாயை வளத்துப்போட்டேன்.”

மறுநாள் விடிந்ததும் சென்னியப்பன் பஸ் ஏறிவிட்டான்.

பூட்டை அண்ணன் வீட்டார் எப்போதோ உடைத்திருப்பார்கள். வேறு பூட்டுக்கூடப் போட்டிருப்பார்கள். சாவி மட்டும் இன்னும் அவன் இடுப்பிலேயே இருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு ஆடுகளுக்குத் தண்ணீர் சேந்தும்போது அது வெளியே தெரிந்தது. மாராத்தாள் பார்த்தாள்.

“போய் ஓநாயைப் பாத்துட்டு வா,” என்றாள். “அது எப்படி இருக்குதுன்னு எனக்கு வந்து சொல்லு. அதுக்கப்புறம் கொல்றதுக்கு வழி சொல்றேன்.”

“எங்கீங்க போய்ப் பாக்கறது?”

மாராத்தாள் தூரத்தில் சிறு குன்றாகத் தெரிந்த கரட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“முன்னெல்லாம் தேடவே வேண்டியதில்லை. நான் வந்த புதுசுல, பொழுது எறங்கினா அந்தக் கரட்டுல ஒண்ணு ஊளையிடும். இந்தக் கரட்டுலருந்து இன்னொண்ணு பதில் சொல்லும். பட்டிக்குள்ள ஆடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். எனக்கும் பயமாத்தான் இருக்கும். ஆனாத் தனியா இருக்கறமுன்னு மட்டும் தோணாது.”

“இப்பங்க?”

“இப்ப வருசத்துல என்னைக்காச்சும் கேக்குது. கேட்டா, செய்யற வேலையை விட்டுப்போட்டு நின்னுருவேன்.”



சில நாள் கழித்துச் சென்னியப்பன் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

“பாத்துட்டேனுங்கம்மா! கெழக்கால இருக்கற பட்டிக்குள்ள அஞ்சாறு சேந்து பூந்துருச்சுங்க. கண்ணுல பட்ட ஆட்டையெல்லாம் கடிச்சுப் போட்டுதுங்க. ஒண்ணைக்கூடத் திங்கலீங்க. சும்மா கடிச்சுப்போட்டு, வாலை ஆட்டிட்டுப் போகுதுங்க. ஈவு எரக்கமே இல்லீங்க.” நெஞ்சில் கை வைத்தான். “இங்க இருக்கறதும் அதேதானுங்க.”

“வால் எப்படி இருந்துச்சு?”

“வாலுங்களா? மேல பாத்துச் சுருண்டு இருந்துச்சுங்க.”

“அது நாய்.”

“என்னங்க?”

“நாய். ஓநாய்க்கு வால் கீழ தொங்கும். பசிச்சா ஒண்ணைத் தூக்கிட்டுப் போகும். போன மாசம் என்ற வெள்ளைக்குட்டியைத் தூக்கிட்டுப் போயிருச்சு. ரெண்டு நாளு அழுதேன். என்ன பண்றது, அதுக்கும் வயிறு இருக்குது.”

“அப்ப இது ஆரு வீட்டு நாயிங்க?”

“ஆரோ சோறு போட்டு வளத்ததுதான்.”

சென்னியப்பனின் கை தானாக இடுப்புக்குப் போனது. போனதை அவனே கவனிக்கவில்லை.

“நான் பாத்துட்டு வரச் சொன்னது ஓநாயை,” என்றாள் மாராத்தாள். “கரட்டு மேல போ. காத்து உன்ற மூஞ்சிக்கு வர்ற பக்கமாப் படுத்துக்கோ.”

இந்தத் தடவை அவன் சீக்கிரம் திரும்பவில்லை.

கரட்டின் மறுபக்கம், காய்ந்த ஓடைக்கு மேலே ஒரு பாறை இடுக்கு. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ப் படுத்துக்கொள்வான். வெயில் ஏறினதும் வெறுங்கையோடு இறங்குவான். இப்படியே நாள் போனது. ஒரு நாள் கீழ்ச்சரிவில் ஒரு ஓநாய் வளை அவன் கண்ணில் பட்டதே தற்செயலாகத்தான்.

வளை வாசலில் ஒன்று படுத்திருந்தது.

காய்ந்த புல்லின் நிறம். ஒல்லி உடம்பு, நீளக் கால். ஊரையே பயமுறுத்துகிறது இதுதானா என்று சென்னியப்பனுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அது எழுந்தபோதுதான் தெரிந்தது, முன்னங்கால் ஒன்று மடங்கித் தொங்கியது. யாரோ வைத்த கண்ணியில் மாட்டியிருக்க வேண்டும். நொண்டி நொண்டி இரண்டடி நடந்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

வால் கீழே தொங்கியது.

வெளிச்சம் நன்றாக வந்தபோது ஓடைப் பக்கமிருந்து இன்னும் இரண்டு வந்தன. வளைக்குள்ளிருந்து குட்டிகள் உருண்டு ஓடிவந்தன. முன்னால் வந்த ஓநாயின் வாயை முட்டி முட்டி நக்கின. அது குனிந்து, வயிற்றை எக்கி, தின்று வந்த கறியைக் கக்கியது. குட்டிகள் அடித்துப் பிடித்துத் தின்றன.

சென்னியப்பன் முகத்தைச் சுளித்தான்.

பின்னால் வந்தது குட்டிகளிடம் போகவில்லை. நேரே நொண்டியிடம் போனது. நொண்டி தலையைத் தூக்கி அதன் வாயோரத்தை நக்கியது. வந்தது நொண்டிக்கு முன்னாலும் கறியைக் கக்கி வைத்தது. நொண்டி தின்று முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றது. அப்புறம் அதை ஒட்டிப் படுத்துக்கொண்டது.

வெயில் ஏறியது. சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை.

அவன் நினைப்பு பழைய சந்தை நாட்களுக்குப் போய்விட்டது.

அப்பாவோடு சந்தைக்குப் போவது அண்ணன் மட்டும்தான். சென்னியப்பன் சின்னவன், அவ்வளவு தூரம் நடக்கமாட்டான் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஊர் எல்லையில் வேலியோரமாக நின்று அழுதுகொண்டே இருப்பான். சந்தையில் அப்பா ஒரே ஒரு கமர்கட்டு வாங்கித் தருவார். அதற்குமேல் வாங்க அவரால் ஆகாது.

அண்ணன் அதை வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வான். கடிக்கமாட்டான். வழி பூராவும் அப்பா என்ன கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவான். வாயைத் திறந்து பேசினால் கமர்கட்டு கரைந்துவிடும் என்று அவனாக ஒரு கணக்கு.

வேலியோரம் தம்பியைக் கண்டதும் வாயிலிருந்து எடுப்பான். பாதியாகி இருக்கும். சட்டையில் துடைப்பான். தம்பி வாயில் போடுவான்.

“இனிக்குதாடா?” என்பான்.

அப்படி இனித்த ஒன்றைச் சென்னியப்பன் அதற்கப்புறம் தின்றதே இல்லை. கல்யாண வீடுகளில் எத்தனையோ இனிப்பு தின்றிருக்கிறான். ஒன்றும் அதற்குப் பக்கத்தில் வராது.

பாறையில் கவிழ்ந்து படுத்து அழுதான். வாயைக் கையால் பொத்திக்கொண்டும் சத்தம் வெளியே வந்துவிட்டது. கீழே நொண்டி ஒரு தடவை காதைத் திருப்பியது. பிறகு தலையைக் கூட்டாளியின் முதுகில் சாய்த்துக்கொண்டது.

அவன் இறங்கி வந்தபோது மாராத்தாள் பட்டி வாசலில் நின்றாள்.

“பாத்தாச்சா?”

“பாத்துட்டேனுங்க.”

“எப்படி இருந்துச்சு?”

சொல்லத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

“எனக்குள்ள ஓநாய் இல்லீங்கம்மா.”

“இல்லையா?”

“துளிகூட இல்லீங்க.”

“கொல்றதுக்கு வழி கேட்டயே?”

சென்னியப்பன் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

“பஸ் எத்தனை மணிக்குங்க?”

மாராத்தாள் பொழுதைப் பார்த்தாள்.

“ஓடினாப் புடிச்சுப்போடலாம்.”

ஓடினான்.

இறங்கவேண்டிய ஊருக்கு முன்னால், பஸ் மாறுகிற இடத்துப் பெட்டிக்கடையில் நின்று ஒரே ஒரு சாமான் வாங்கினான். அங்கிருந்து யாரோடும் பேசவில்லை. எங்கே போகவேண்டும் என்று கண்டக்டர் கேட்டபோது, முன்சீட்டுக்காரரைக் காட்டி அதே ஊர் என்று சைகை செய்தான். பாவம் ஊமை என்று நினைத்து, ஊர் வந்ததும் கண்டக்டரே தோளைத் தட்டி இறக்கிவிட்டார்.

நாச்சிமுத்து வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்திருந்தான். பக்கத்தில் ஊன்றுகோல். தலை நரைத்துப்போயிருந்தது. எப்போது இவ்வளவு நரைத்தது என்று தம்பிக்குத் தெரியவில்லை.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான்.

“ஆரு, ஓநாயா?”

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

“இன்னும் ஆகலீங்ணா.”

சொல் குழறியது. அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்துக் கட்டிலின் ஓரத்தில் வைத்தான்.

“அந்தப் பூட்டை அப்பவே உடைச்சாச்சு,” என்றான் அண்ணன்.

“தெரியுமுங்ணா.”

அண்ணன் சாவியைத் தொடவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்தான். ஒரு பக்கக் கன்னம் புடைத்திருந்தது.

“வாயில என்னடா?”

சென்னியப்பன் வாயிலிருந்து பாதிக் கமர்கட்டை எடுத்தான். சட்டையில் துடைத்தான்.