சடையாண்டியின் இரண்டாவது அடி

ஒரு காலத்தில் மருதஞ்சீமையை வல்லபமாறன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் கோபம் மூக்கு நுனியில் நிற்கும், புகழ்ந்தால் உச்சி குளிர்ந்துபோகும்.

ஊருக்குத் தமுக்கடித்துச் சேதி சொல்பவன் சடையாண்டி. கண்ணால் கண்ட சேதிக்கு இரண்டு அடி, காதால் கேட்டதற்கு ஒரே அடி. ஊருக்கெல்லாம் தெரிந்த வழக்கம் அது. அவன் சொல்லுக்கு இருந்த மதிப்பைக் கண்டு மந்திரி கோதண்டராயருக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் மந்திரியோடு வேட்டைக்குப் போன ராஜா, புலியைக் கண்டு மரமேறித் தப்பி வந்தான். "ராஜா வெறுங்கையால் புலியைக் கொன்றார்" என்று ஊருக்குச் சொல்லச் சொன்னார் மந்திரி. சடையாண்டி ஒரே அடி அடித்தான். "மந்திரி சொல்லக் கேட்டது!" என்று முடித்தான். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"பிரபு, இந்தப் பயலுக்குக் கொழுப்பைப் பார்த்தீர்களா!" என்று தூபம் போட்டார் மந்திரி.

"இரண்டு அடி அடிக்கிறாயா, தலையைக் கொடுக்கிறாயா?" என்று சீறினான் ராஜா.

"தலை உங்களுது மகாராஜா, எப்ப வேணா எடுத்துக்கலாம். கண்ணு என்னுது, அது புலியைப் பாக்கலையே! பாத்தவரு மந்திரிதான், அவரே அடிக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும். அவர் சொல்லை ஊர் நம்பிவிட்டால் உன் தலை தங்காது!"

மந்திரி தமுக்கை வாங்கித் தெருத்தெருவாய் இரண்டிரண்டாய் விளாசித் தள்ளினார். ஊர் சிரித்ததே தவிர நம்பவில்லை; சடையாண்டியின் தலை தங்கியது.

அந்த வாரமே பேய்மழை. ஏரிக்கரை கசிகிறது என்று காவல்காரன் ஓடிவந்தான். மந்திரி இரண்டு அடி அடித்து அலறினார். "புலியைக் கொன்ற தமுக்குப்பா!" என்று ஊர் அசையவில்லை. ராஜாவே தெருவில் இறங்கிக் கத்தினான். கும்பிட்டார்கள், நகரவில்லை.

"சடையாண்டி, அடிடா!"

"பாத்துட்டு வந்து அடிக்கிறேன், மகாராஜா."

"ஊர் முழுகப் போகிறது, இப்போதா பார்ப்பது?"

"இப்பப் பாக்காம எப்பப் பாக்குறது?"

ராஜாவின் குதிரையிலேயே பறந்து போனவன், இடுப்பளவு சேறோடு திரும்பித் தமுக்கைப் பிடுங்கி இரண்டு அடி அடித்தான்.

"வடகரையில கை நுழையுற வெடிப்பு! பாத்தேன்! மேட்டுக்குப் போங்க!"

ராஜா மலைத்து நின்றான். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கொதிக்கிற உலையை அப்படியே விட்டு, மாட்டை அவிழ்த்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரே எழுந்து நடந்தது. தன் வாளுக்குக்கூட இப்படி ஒரு கூட்டம் அசைந்து அவன் கண்டதில்லை. கடைசி ஆடு மேடேறிய பிறகு கரை உடைந்தது. ஓர் உயிரும் போகவில்லை.

"என்னடா மந்திரம் இது?" என்றான் ராஜா.

"மந்திரம் ஏதும் இல்ல, மகாராஜா. பாக்காததைப் பாத்தேன்னு இதுவரைக்கும் சொன்னதில்ல. அவ்வளவுதான்."

மழை விடவில்லை. ராஜா தன் வெண்கொற்றக்குடையைக் குடைக்காரனிடமிருந்து வாங்கி, ஊர் பார்க்கச் சடையாண்டியின் தலைக்குமேல் தானே பிடித்துக்கொண்டு நின்றான். கோதண்டராயர் ஓரமாய் நனைந்த கோழியாக நடுங்கிக்கொண்டிருந்தார்.