ரேடியேட்டரை மறைத்த தலைவர்

பேரூராட்சித் தலைவர் ரத்தினசபாபதி புது மோட்டார் சைக்கிள் வாங்கி, அதன் முகப்பில் தன்னுடைய பெரிய படத்தைக் கட்டிக்கொண்டு வெற்றி ஊர்வலம் கிளம்பினார். கொஞ்ச தூரத்திலேயே இன்ஜின் கொதித்து வண்டி நின்றுவிட்டது. தொண்டர்கள் அதன்மேல் இளநீர் ஊற்றினார்கள், சந்தனம் பூசினார்கள், துண்டால் விசிறினார்கள். திரும்பக் கிளப்பினால் திரும்பக் கொதித்தது.

எதிரே வண்டி கழுவும் கடை வைத்திருந்த வேலாத்தாளைத் தலைவர் கூப்பிட்டார்.

“இன்ஜின் சூடாகக் கூடாது. என் படமும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இல்லேன்னா நாளையிலிருந்து உன் கடைக்குத் தண்ணி வராது.”

வேலாத்தாள் குனிந்து பார்த்தாள். இன்ஜினைக் குளிர வைக்கும் ரேடியேட்டருக்குக் காற்றே போகாதபடி தலைவரின் முகம் மறைத்துக்கொண்டிருந்தது. அதை எப்படி அவரிடம் சொல்வது?

“ஐயா, முன்னால வர்றவங்க உங்களை நேர்லயே பார்த்துக் கும்பிட்டுக்குறாங்க. முதுகுக்குப் பின்னால பேசுறவங்களுக்குத்தானுங்க படம் வேணும்.”

அப்படிப் பேசுகிறவர்கள் ஊரில் ஏராளம் என்று தலைவருக்கும் தெரியும். “பின்னால கட்டு” என்றார்.

சூடு ஆறியதும் ஊர்வலம் மறுபடி கிளம்பியது. வண்டி பூப்போல ஓடியது. பின்னால் வருகிறவர்கள் படத்தைக் கும்பிடுகிறார்களா என்று தலைவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய், தனக்காக வைத்திருந்த வரவேற்பு வளைவில் மோதிச் சாக்கடையில் விழுந்தார்.

வேலாத்தாளை இழுத்து வந்தார்கள். “என்ன வேலை பண்ணி வெச்சே?” என்றார் தலைவர், சாக்கடையிலிருந்தபடியே.

அவள் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தாள்.

“இன்ஜின் சூடாகலீங்க. படமும் வண்டியை விட்டு இறங்கலீங்க. இறங்கினது நீங்க மட்டும்தானுங்க.”