அடைத்த கூட்டிலிருந்து ஒரு வாக்கு

வெண்கண்ணி என்ற இருவாச்சிப் பறவை மரப்பொந்துக்குள் அடைந்திருந்தாள். முட்டை பொரிந்து மூன்று நாள்தான் ஆகிறது. அவர்கள் இனத்து வழக்கப்படி பொந்தின் வாயை மண் பூசி அடைத்தாகிவிட்டது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். இறகுகளும் உதிர்ந்துவிட்டதால் அவளால் பறக்க முடியாது. கணவன் செங்கண்ணன் ஊட்டும் அத்திப்பழத்தில்தான் இரண்டு உயிரும் ஓடிக்கொண்டிருந்தன.

கீழே சற்றுத் தள்ளி, வாக்குப் பாறையைச் சுற்றிக் காடே கூடியிருந்தது. மரங்களுக்கு இனிக் காவலன் யார்? மரநாயா, கருங்குரங்கா? மரநாய் வேண்டுமென்றால் சிவப்புக் கொட்டை, கருங்குரங்கு வேண்டுமென்றால் கறுப்புக் கொட்டை போட வேண்டும். தரையில் வாழும் மான்களிடமும் முயல்களிடமும் மரநாய் தேனொழுகப் பேசி வைத்திருந்தான். மரத்தில் வாழ்பவர்களுக்குத்தானே அவன் பல் எப்படி என்று தெரியும்!

கூட்டில் அடைந்திருக்கும் தாய்மார்கள் கொட்டையோடு தங்கள் உதிர்ந்த இறகு ஒன்றையும் சேர்த்துக் கணவனிடம் கொடுத்தனுப்பலாம் என்று போன மழைக்குத்தான் புதுச் சட்டம் வந்திருந்தது. அது மரநாய்க்கு ஆகவில்லை. குஞ்சு தின்றே கொழுத்தவனுக்கு எந்தத் தாய் வாக்குப் போடுவாள்?

"யானையாரே! புதுச் சட்டம் செல்லாது!" என்று கத்தினான் மரநாய். "நம்ம முப்பாட்டனுங்க வகுத்த முதல் சட்டம் என்ன சொல்லுது? 'பாறைக்கு வந்து வாக்கைப் போடு!' அதை மீறி இன்னொரு சட்டம் போட முடியுமா? இறகு அவளோடதுதான், சரி. கொட்டை அவ கொடுத்ததா, புருஷன் பொறுக்கினதா? யார் கண்டா?"

"கேக்குறதுல நியாயம் இருக்கே!" என்றது ஒரு மான்.

நீதிபதி யானை பெருமூச்சு விட்டது. "இருக்கு. முதல் சட்டத்தை நான் தள்ளி வைக்க முடியாது."

அது பொந்துக்குள் வெண்கண்ணிக்கும் கேட்டது. தத்தித் தத்தியாவது வெளியே போனால் குஞ்சு திறந்த பொந்தில் கிடக்கும். போகாவிட்டால் மரநாய் காவலன் ஆகிவிடுவான். காவல் என்ற பேரில் நாளைக்கே மரமேறி வருவான். இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தாள் பாவம்.

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அடைப்பைக் கொத்தினாள். ஒரு மண்கட்டி பெயர்ந்து விழுந்தது.

"உடைக்காதே!" என்று கதறினான் செங்கண்ணன்.

"உடைக்கட்டுமே!" மரநாயின் குரல் மரத்தடியிலேயே கேட்டது. "பயப்படாம இறங்கி வா, தங்கச்சி! நீ வாக்குப் போட்டுட்டு வர்ற வரைக்கும் குஞ்சை நான் பார்த்துக்கிறேன்!" சொல்லும்போதே அவன் நாக்கு மீசையை நக்கியது.

யானை திரும்பிப் பார்த்தது.

"வெண்கண்ணி, நிறுத்து!" என்று பிளிறியது யானை. "மரநாயே! எல்லாரும் பாறைகிட்ட நிக்கிறோம். பாறைக்கு வந்தே ஆகணும்னு வழக்காடின நீ மட்டும் மரத்தடியில என்ன பண்ற?"

மரநாய் இரண்டடி பின்வாங்கினான்.

"ஒருத்தர் வாக்கை இன்னொருத்தர் போட்டுடக் கூடாதுன்னுதான் முப்பாட்டனுங்க அந்தச் சட்டம் செஞ்சாங்க. தாயைக் கூட்டை விட்டு இழுக்கிறதுக்கு இல்ல! மைனாவும் கிளியும் சாட்சிக்குப் போகட்டும். அவ தன் அலகால கொடுக்கிறதைப் பார்த்துக் கூடவே வரட்டும். புதுச் சட்டம் செல்லும்!"

செங்கண்ணன் முன்பே கொண்டுவந்து தந்திருந்த இரண்டு கொட்டைகளில் கறுப்பை எடுத்து, தன் இறகோடு கீறல் வழியே நீட்டினாள் வெண்கண்ணி. அவசரத்தில் கொட்டை இரண்டு முறை உள்ளேயே விழுந்தது. அடைந்திருந்த மற்றத் தாய்மார்களும் அப்படியே கொடுத்தனுப்பினார்கள். கருங்குரங்கு ஜெயித்தது. மரநாய் புதருக்குள் ஓடி மறைந்தான்.

பெயர்ந்த இடத்தை வெண்கண்ணி மறுபடி பூசி முடித்தாள். பிறகுதான் குஞ்சுக்கு அத்திப்பழம் ஊட்டினாள்.

ஒருவன் சட்டத்தைக் காட்டி வழக்காடும்போது, அவன் சொல்வது சரியா என்று மட்டும் பார்த்தால் போதாது. அவன் ஜெயித்தால் யாருடைய கூடு திறக்கும் என்றும் பார்க்க வேண்டும்.